சிறிய காருக்குப் பெரிய சக்கரம்

டயர் கடைகளின் முகப்பில் இப்பொழுதெல்லாம் டயரைவிட அலாய் வீல்களே கண்ணைப் பறிக்கின்றன. வெள்ளிபோல் மின்னும் ஐந்து விரல் சக்கரம், பத்து விரல் சக்கரம், கறுப்பு வண்ணம் பூசியது எனப் பல வகை. சிறிய கார் ஒன்றை வாங்கியவர் ஆறு மாதம் ஓட்டிய பிறகு, "வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, சக்கரம் மட்டும் பொம்மைக் கார் சக்கரம் மாதிரி இருக்கிறதே" என்று எண்ணத் தொடங்குகிறார். கடைக்காரரும், "ரெண்டு சைஸ் ஏத்திப் போட்டுக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார்.

ஒன்றும் ஆகாதா? இக்கேள்விக்கு விடை காணப் பள்ளிக்கூடத்து வட்டக் கணக்கும், நெம்புகோல் தத்துவமும் தெரிந்திருந்தால் போதும். காரின் வேகமானி, கியர்கள், பிரேக், ஸ்டீயரிங், ஸ்பிரிங் ஆகிய அனைத்தும் ஒரு குறிப்பிட்ட ஆரமுள்ள சக்கரத்தைக் கருத்தில் கொண்டே வடிவமைக்கப்படுகின்றன. ஆரம் மாறினால் இவை அனைத்திற்கும் கணக்கு மாறும். எது எவ்வளவு மாறும் என்பதை இங்கே எண்களைக் கொண்டே பார்ப்போம். பென்சிலும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும்.

டயரின் மேல் எழுதியிருப்பது என்ன?

2012 முதல் 2023 வரை தயாரிக்கப்பட்ட மாருதி ஆல்டோ 800 காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நம் சாலைகளில் இன்றும் ஏராளமாக ஓடும் வண்டி அது. அதன் டயரின் பக்கச்சுவரைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். 145/80 ஆர்12 என்று இருக்கும். சற்றுத் தள்ளி 74டி என்றும் இருக்கும்.

உலகில் இதைப் போன்ற கதம்பமான அளவு முறை வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. முதல் எண்ணான 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவதான 80 மில்லிமீட்டரும் அன்று, அங்குலமும் அன்று, சதவீதம். பக்கச்சுவரின் உயரம் டயரின் அகலத்தில் 80 சதவீதம் என்பது பொருள். கடைசியில் உள்ள 12, ரிம்மின் விட்டம், இது அங்குலத்தில். நடுவிலுள்ள 'ஆர்' என்ற எழுத்து, டயரினுள் உள்ள நூலிழைகள் ஆரங்களைப் போல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்கின்றன என்பதைக் குறிக்கிறது. இத்தகைய ரேடியல் டயருக்குப் பிரான்சு நாட்டு மிஷலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்றது.

74 என்பது சுமைக் குறியீடு. அட்டவணையில் 74க்கு நேராக 375 கிலோகிராம் என்றிருக்கும்; ஒரு டயர் தாங்கக்கூடிய உச்சச் சுமை அது. 'டி' என்பது வேகக் குறியீடு. மணிக்கு 190 கி.மீ. வரை.

இனி கணக்கைப் போடுவோம். பக்கச்சுவர் உயரம் 145இல் 80 சதவீதம், அதாவது 116 மி.மீ. சக்கரத்தின் குறுக்கே பார்த்தால் மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர். ஆக 232 மி.மீ. ரிம்மின் விட்டம் 12 அங்குலம், அங்குலத்திற்கு 25.4 மி.மீ. வீதம் 304.8 மி.மீ. இரண்டையும் கூட்டினால் சக்கரத்தின் முழு விட்டம் 536.8 மி.மீ. சுற்றளவு ஏறத்தாழ 1,686 மி.மீ. ஒரு கிலோமீட்டர் செல்ல இச்சக்கரம் 593 முறை சுற்றவேண்டும். (சுமையினால் டயர் சற்று அமுங்குவதால் உண்மையில் சில சுற்றுகள் கூடுதலாகும். ஆனால் இரண்டு டயர்களை ஒப்பிடும்போது இந்த வேறுபாடு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் அதை விட்டுவிடலாம்.)

இப்பொழுது கடைக்காரர் காட்டும் வேறு டயர்களைப் பார்ப்போம். 155/65 ஆர்13 என்ற டயரின் விட்டம் 531.7 மி.மீ. ரிம் ஓர் அங்குலம் பெரிது. ஆனால் முழுச் சக்கரம் பழையதைவிட 1 சதவீதம் சிறிது! பக்கச்சுவர் குட்டையானதே காரணம். 165/65 ஆர்13 டயரின் விட்டம் 544.7 மி.மீ.; ஒன்றரை சதவீதம் அதிகம். ஆனால் அதே 13 அங்குல ரிம்மில் 155/80 ஆர்13 டயரைப் போட்டால் விட்டம் 578.2 மி.மீ. ஆகிவிடும், ஏறத்தாழ 8 சதவீதம் அதிகம். 14 அங்குல ரிம்மில் 175/65 ஆர்14 போட்டால் 583.1 மி.மீ.; 8.6 சதவீதம் அதிகம்.

"பதிமூன்று இஞ்ச் போட்டேன்", "பதினான்கு இஞ்ச் போட்டேன்" என்று பேசுவதில் பொருளே இல்லை என்பது இதிலிருந்து விளங்கும். ரிம்மின் அளவு ஒன்று. சக்கரத்தின் அளவு வேறு. கார் அறிவது இரண்டாவதை மட்டுமே.

கார் நிறுவனங்களே இதை நன்கு பயன்படுத்துகின்றன. 2018இல் வந்த மாருதி ஸ்விஃப்டின் விலை குறைந்த ரகங்களில் 165/80 ஆர்14 டயர். விலை உயர்ந்த ரகத்தில் 185/65 ஆர்15. பார்வைக்கு இரண்டும் மிக வேறுபட்டவை. முழு விட்டமோ முறையே 619.6, 621.5 மி.மீ. வேறுபாடு 2 மில்லிமீட்டர்கூட இல்லை! ரிம் ஓர் அங்குலம் வளர்ந்தபோது பக்கச்சுவர் அதற்கேற்பக் குறைந்திருக்கிறது. பெரிய சக்கரம் பொருத்துவதில் உள்ள முறையான வழி இதுதான்.

வேகமானி சொல்லும் பொய்

175/65 ஆர்14 டயரைப் போட்டுக்கொண்ட ஆல்டோவை நெடுஞ்சாலைக்கு அனுப்புவோம். வேகமானிக்குச் சாலை தெரியாது. கியர்ப்பெட்டியிலிருந்து வரும் சுற்றுகளை மட்டுமே அது எண்ணுகிறது. கிலோமீட்டருக்கு 593 சுற்று என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று. இப்பொழுது 546 சுற்றிலேயே ஒரு கிலோமீட்டர் முடிந்துவிடுகிறது. முள் 80 காட்டும்போது, கணக்குப்படி வண்டி 87 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

"ஏழு கிலோமீட்டர்தானே" என்று தோன்றலாம். ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை நினைவுகூருங்கள். வேகம் 8.6 சதவீதம் கூடினால் ஆற்றல் 18 சதவீதம் கூடும். பிரேக் அழுத்தி நிறுத்தத் தேவையான தூரமும் அதே அளவு கூடும். 80இல் போகிறோம் என்று எண்ணி முன்னால் போகும் லாரிக்கு இடைவெளி விட்டவருக்கு அந்த இடைவெளி போதாமல் போகலாம்.

இதில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளின்படி, வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுவும் உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்குடன் 4 கி.மீ. சேர்ந்த அளவுக்குள். ஆகவே நிறுவனங்கள் பெரும்பாலும் முள்ளைச் சற்றுக் கூட்டியே காட்டும்படி அமைக்கின்றன. ஓரிரு சதவீதம் பெரிய சக்கரம் போட்டால் இந்தக் கூடுதல் அதை ஈடுசெய்துவிடும். எட்டு ஒன்பது சதவீதம் என்றால் அந்தப் பாதுகாப்பு இடைவெளி முழுவதும் கரைந்துபோகக்கூடும். உங்கள் வண்டியில் எப்படி என்பதை அறிய, சமமான சாலையில் ஒரே சீரான வேகத்தில் செல்லும்போது பக்கத்தில் இருப்பவரை, செயற்கைக்கோள் துணையுடன் வேகத்தைக் காட்டும் கைபேசியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் பார்க்க வேண்டாம்!

மைலேஜைப் பற்றிய வேடிக்கையையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெரிய சக்கரம் போட்டவர்களில் பலர், "லிட்டருக்கு 20 கொடுத்த வண்டி 18தான் கொடுக்கிறது" என்று குறைப்படுவார்கள். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரும் அதே சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. அது 18 என்று காட்டும்போது உண்மையில் வண்டி ஓடியது 18ஐ 1.086ஆல் பெருக்கினால் வரும் 19.5 கி.மீ. ஆகும். இழப்பு 10 சதவீதம் அன்று, இரண்டரை சதவீதம்தான். எதிர்ப்புறமாக, சற்றுச் சிறிய டயரைப் போட்டவர் மைலேஜ் கூடிவிட்டது என்று மகிழ்வார். அதுவும் வெறும் மீட்டர் மகிழ்ச்சியே.

எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் நேர்வது

ஆல்டோவின் 796 கன சென்டிமீட்டர் எஞ்சின் தரும் உச்ச முறுக்குவிசை 69 நியூட்டன் மீட்டர். கியர்கள் அதைப் பெருக்கிச் சக்கரத்தின் அச்சுக்கு அனுப்புகின்றன. சாலையைப் பின்னுக்குத் தள்ளும் விசை என்பது அச்சிலுள்ள முறுக்குவிசையைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. ஆரம் 8.6 சதவீதம் கூடினால் தள்ளும் விசை ஏறத்தாழ 8 சதவீதம் குறையும். எல்லாக் கியர்களையும் ஒரே அடியில் சற்று 'உயர்ந்த' கியர்களாக மாற்றியதற்கு ஒப்பானது இது.

சமதரையில் இது பெரிதாகத் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நான்கு பேருடன் ஏறும்போது தெரியும். முன்பு இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் இப்பொழுது முதல் கியருக்கு வரவேண்டியிருக்கும். ஏற்றத்தில் நின்று புறப்படும்போது கிளச்சை அதிக நேரம் வழுக்கவிட வேண்டியிருக்கும். பெரிய எஞ்சின் உள்ள காரில் இந்த எட்டு சதவீதத்தை எஞ்சின் தன் உபரி வலுவிலிருந்து கொடுத்துவிடும். சிறிய காருக்கு அந்த உபரி இல்லை.

பிரேக்கிலும் இதே நெம்புகோல்தான், திசை மட்டும் எதிர். பிரேக் வட்டின் ஆரம் மாறவில்லை. சாலை சக்கரத்தைப் பற்றும் இடமோ அச்சிலிருந்து இன்னும் விலகிப் போய்விட்டது. அதே தடுப்பு விசையைப் பெற மிதிகட்டையை முன்பைவிட 8.6 சதவீதம் அழுத்தி மிதிக்கவேண்டும். மலையிலிருந்து இறங்கும்போது வேகமானி காட்டாத கூடுதல் வேகமும், இந்தக் கூடுதல் மிதியும் ஒன்றாகச் சேரும் என்பதையும் மறக்கக்கூடாது.

சக்கரத்தின் எடையைப் பற்றிப் பல மிகைப்பட்ட பேச்சுக்கள் உண்டு. "சக்கரத்தில் ஒரு கிலோ கூடினால் வண்டியில் பத்துக் கிலோ கூடியதற்குச் சமம்" என்பார்கள். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. சக்கரம் வண்டியோடு முன்னேறுகிறது. கூடவே சுழலவும் செய்கிறது. எடை முழுவதும் மிகச் சரியாக வெளிவிளிம்பிலேயே இருந்தால், அதன் சுழற்சி ஆற்றல் முன்னேறும் ஆற்றலுக்குச் சமம். ஆக ஒரு கிலோ, இரண்டு கிலோவுக்குச் சமமாகும். அதற்கு மேல் போகாது. சக்கரத்துக்கு 3 கிலோ வீதம் நான்கிலும் 12 கிலோ கூடினால், வேகமெடுக்கும்போது அதிகபட்சம் 24 கிலோ கூடியதுபோல் இருக்கும். ஒரு பள்ளிச் சிறுவனைக் கூட ஏற்றிக்கொண்டதுபோல, அவ்வளவுதான்.

ஆனால் வேறொரு வகையில் சக்கரத்தின் எடை உண்மையாகவே தொல்லை தருகிறது. வண்டியின் உடல் ஸ்பிரிங்குகளின் மேல் அமர்ந்திருக்கிறது. சக்கரமோ ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. மேட்டில் ஏறும் சக்கரம் எவ்வளவு கனமோ, அவ்வளவு வலுவாக அது ஸ்பிரிங்கை மேல்நோக்கி இடிக்கும். மேட்டைத் தாண்டியதும் சாலையை மீண்டும் தொட அவ்வளவு தாமதமாகும். சாலையைத் தொடாத டயரால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. அலாய் வீல் என்றாலே எடை குறைவு என்று எண்ணிவிடவும் வேண்டாம். நல்ல முறையில் செய்த அலாய் வீல் எடை குறைவானதே; ஆனால் 12 அங்குல எஃகு ரிம்மை எடுத்துவிட்டு 14 அங்குல மலிவு அலாய் வீலும் அகன்ற டயரும் போட்டால் மொத்தத்தில் எடை கூடவே செய்யும். தராசில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

அகன்ற டயர் அதிகமாகப் பற்றுமா?

எல்லோரும் 'ஆம்' என்று சொல்லும் இக்கேள்விக்குச் சற்று நிதானமாக விடை தேடுவோம். டயர் சாலையைத் தொடும் பரப்பு எவ்வளவு? ஆட்களுடன் வண்டியின் எடை 1,000 கிலோ என்றும், ஒவ்வொரு சக்கரமும் 250 கிலோவைத் தாங்குகிறது என்றும் கொள்வோம். டயரில் 30 பவுண்டு காற்று, அதாவது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம். மெட்ரிக் அளவில் சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ. சுமையைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே உள்ள காற்றுதான். எனவே 250ஐ 2.1ஆல் வகுத்தால் கிடைக்கும் 119 சதுர சென்டிமீட்டரே ஏறத்தாழத் தொடும் பரப்பு. உங்கள் உள்ளங்கையை விரல்களுடன் மேசைமேல் வையுங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். நான்கு உள்ளங்கைகளின்மேல் ஒரு குடும்பமே பயணம் செய்கிறது!

இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அகன்ற டயரில் அதே காற்றழுத்தம் இருந்தால் தொடும் பரப்பும் பெரும்பாலும் அதேதான். அதன் வடிவம் மட்டும் மாறும். குறுகிய டயரின் தடம் நீளவாக்கில் நீண்டது. அகன்ற டயரின் தடம் நீளம் குறைந்து பக்கவாட்டில் பரந்தது. வளைவில் திரும்பும்போது இப்பரந்த வடிவமும் குட்டையான பக்கச்சுவரும் சேர்ந்து நன்மை செய்கின்றன. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே பணிகிறது. பழைய உயர்ந்த பக்கச்சுவரைப்போல் நெளிவதில்லை. இது கற்பனையன்று, ஓட்டினாலே தெரியும்.

மழைச்சாலையிலோ நிலைமை தலைகீழ். டயரின் முன் உள்ள நீரை ஒதுக்கித் தள்ளினால்தான் ரப்பர் சாலையைத் தொட முடியும். அகன்ற டயர் ஒதுக்கவேண்டிய நீர் அதிகம். தடம் நீளத்தில் குட்டையாக இருப்பதால் அதற்குக் கிடைக்கும் நேரமோ குறைவு. ஒரு வேகத்துக்கு மேல் நீர் ஒதுங்காமல் டயரைத் தூக்கிவிடும், வண்டி படகாகிவிடும். அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில் 1960களில் விமானச் சக்கரங்களைக் கொண்டு இதை ஆராய்ந்து, இவ்வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டார்கள். 30 பவுண்டு அழுத்தத்துக்கு அந்தச் சூத்திரம் தரும் விடை மணிக்குச் சுமார் 91 கி.மீ. தடம் அகன்று குட்டையாகும்போது இன்னும் குறைந்த வேகத்திலேயே இது நேரலாம் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 'பட்டன்' தேய்ந்துபோன அகன்ற டயருடன் ஐப்பசி மழையில் நெடுஞ்சாலையில் பறப்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வைக்கலாம்.

பள்ளமும் பக்கச்சுவரும்

"நம் சாலைப் பள்ளங்களுக்குப் பெரிய சக்கரம்தான் நல்லது" என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. மாட்டு வண்டிச் சக்கரம் ஏன் அவ்வளவு பெரிது? பெரிய வட்டம் சிறு பள்ளத்தில் இறங்குவதில்லை. 20 செ.மீ. அகலமுள்ள பள்ளத்தின் இரு ஓரங்களிலும் படிந்து நிற்கும் சக்கரம் எவ்வளவு உள்ளே இறங்கும் என்பதைப் பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வண்டிச் சக்கரம் 7 மி.மீ. கூட இறங்காது. ஆல்டோவின் பழைய சக்கரம் 19.3 மி.மீ. இறங்கும். புதிய 175/65 ஆர்14 சக்கரம்? 17.7 மி.மீ. இவ்வளவு செலவுக்குக் கிடைத்த லாபம் ஒன்றரை மில்லிமீட்டர்! மாட்டு வண்டியின் தத்துவம் காருக்கும் பொருந்தும்; ஆனால் நாம் கூட்டுகிற அளவு அதற்குப் போதாது.

தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் உயர்வது மட்டும் கண்கூடான பயன். விட்டத்தில் கூடிய 46 மி.மீட்டரில் பாதி, அதாவது 23 மி.மீ. உயரும். கண்ட இடமெல்லாம் வேகத்தடை கட்டியிருக்கும் ஊர்களில் இதற்காகவே பலர் டயரை மாற்றுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் வண்டியின் ஈர்ப்பு மையமும் ஏறத்தாழ அதே 23 மி.மீ. உயர்கிறது.

ரிம் பெருத்து, முழு விட்டம் மாறாதிருந்தால் பள்ளத்தில் நேர்வது வேறு. அப்பொழுது விட்டுக்கொடுக்கவேண்டியது பக்கச்சுவர். 116 மி.மீ. உயரமிருந்த காற்று மெத்தை, 15 அங்குல ரிம்மில் 165/50 டயர் போட்டால் 82.5 மி.மீட்டராகிவிடும். பள்ளத்தின் ஓரத்தில் மோதும்போது டயர் அமுங்கி, ரிம்மின் விளிம்புக்கும் பள்ளத்தின் ஓரத்துக்கும் இடையில் ரப்பர் நசுங்குகிறது. உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்தால் சில நாட்களில் பக்கச்சுவரில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் தோன்றும். அந்த டயரைப் பஞ்சர் கடையில் ஒட்டிச் சரிசெய்ய முடியாது. அதில் ஒரு நாள்கூட ஓட்டவும் கூடாது. எஃகு ரிம் வளைந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் வீல் பெரும்பாலும் விரிசல்தான் விடும். வாங்கும்போது அதில் ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரை வார்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; அது ஜப்பானிய அலாய் வீல் தரத்தின் முத்திரை.

பந்தயக் கார்களில் மெல்லிய டயர்கள்தானே இருக்கின்றன என்று கேட்கலாம். உலகப் புகழ்பெற்ற ஃபார்முலா 1 கார்கள் 2021 வரை 13 அங்குல ரிம்மில் கொழுத்த பக்கச்சுவருடன்தான் ஓடின. 2022இல்தான் அவை 18 அங்குலத்துக்கு மாறின.

பெரிய ரிம்முக்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு, அது பிரேக். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வந்த புகழ்பெற்ற பிரிட்டிஷ் காரான மினி, காருக்குள் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக 10 அங்குலச் சக்கரங்களுடன் வந்தது. அத்தனை சிறிய ரிம்முக்குள் பெரிய பிரேக்கை அடைக்க முடியாது. 1984இல் அந்தக் காரின் எல்லா ரகங்களுக்கும் பெரிய வட்டுப் பிரேக் கொடுத்தபோது ரிம்மை 12 அங்குலமாக்கினார்கள். கடையில் நாம் ரிம்மை மட்டும் மாற்றும்போது, பளபளக்கும் 15 அங்குலச் சக்கரத்தின் விரல்களுக்கிடையே அதே பழைய சிறு பிரேக் எட்டிப் பார்க்கும்.

சக்கரம் எங்கே நிற்கிறது?

இதுவரை கூறியவை கடையில் ஓரளவு பேசப்படுபவை. யாரும் பேசாத ஒன்று, ஆஃப்செட் எனப்படும் விலகல். ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு இழுங்கள். ரிம்மை அச்சோடு பொருத்தும் முகம் இக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்புறமாக இருக்கிறதோ அதுவே ஆஃப்செட். சிறிய முன்சக்கர இயக்கக் கார்களில் இது பொதுவாக வெளிப்புறமாகவே, சில பத்து மில்லிமீட்டர் இருக்கும். ரிம்மின் உட்புறத்தில் ஈ.டி. என்ற எழுத்துகளுடன் இந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும்.

ஓர் உதாரணம். பழைய ரிம்மின் அகலம் 4 அங்குலம், ஆஃப்செட் 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், புதியது 6 அங்குலம், 35 மி.மீ. பழைய ரிம்மின் வெளிவிளிம்பு பொருத்தும் முகத்திலிருந்து 10.8 மி.மீ. வெளியே நின்றது. புதியது 41.2 மி.மீ. வெளியே நிற்கும். உள்விளிம்பும் 20.4 மி.மீ. உள்ளே போயிருக்கும். ஆக வெளியே மட்கார்டை உரசும். உள்ளே ஸ்பிரிங்கையோ பிரேக் குழாயையோ தொடும். கடையில் வண்டி வெறுமையாக நிற்கும்போது உரசாது; நான்கு பேர் ஏறி, ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, ஒரு வேகத்தடையில் ஏறும்போது உரசும். சோதனையை அப்படித்தான் செய்யவேண்டும். பிரேக் குழாய் உரசி அறுந்தால் என்ன நேரும் என்று விளக்கத் தேவையில்லை.

உரசவில்லை என்றாலும் விலகல் மாறியதன் விளைவு இருக்கும். முன்சக்கரம் திரும்புவது ஒரு சாய்ந்த அச்சைச் சுற்றி. அந்த அச்சைத் தரைவரை நீட்டினால் அது டயர்த் தடத்தின் நடுவுக்கு அருகே, பல கார்களில் நடுவுக்குச் சற்று வெளியே, தரையைத் தொடும்படி அமைத்திருப்பார்கள். இடப்பக்கச் சக்கரம் மணலிலும் வலப்பக்கச் சக்கரம் தாரிலும் இருக்கும்போது பிரேக் பிடித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கப் பார்க்கும். அச்சு தடத்தின் நடுவுக்கு வெளியே இருந்தால், அதே பிரேக் விசை சக்கரத்தை எதிர்ப்பக்கம் சற்றே திருப்பி அந்த இழுப்பை ஈடுசெய்யும். சக்கரத்தை வெளியே தள்ளிவிட்டால் அதே விசை இழுப்போடு சேர்ந்துகொள்ளும். ஸ்டீயரிங் கையைவிட்டுப் பிடுங்கும். இரண்டு அங்குல அகலம் கூட்டுவதைவிட, அச்சுக்கும் ரிம்முக்கும் இடையில் வில்லைபோல் ஒரு 'ஸ்பேசர்' செருகுவது இதில் மோசம். சக்கர பேரிங்கின் மேலுள்ள வளைக்கும் விசையும் அதனால் கூடும்.

போல்ட் துளைகளையும் பார்க்கவேண்டும். நான்கு துளைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம் சிறிய கார்களில் 100 மி.மீ. ஆகவோ 114.3 மி.மீ. ஆகவோ இருப்பது வழக்கம். (இந்த 114.3 எங்கிருந்து வந்தது என்று வியக்கவேண்டாம், நாலரை அங்குலம்!) ஒன்றுக்குரிய ரிம் மற்றதில் பொருந்தாது, துளையை அகலப்படுத்திப் பொருத்தித் தருகிறேன் என்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ரிம்மின் நடுத்துளை, அச்சின் நடுக்குமிழைவிடப் பெரிதாக இருந்தால் அதற்குரிய வளையம் போட்டு நடுப்படுத்தவேண்டும். இல்லாவிடில் 80, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் தீராது.

சுமைக் குறியீட்டிலும் ஒரு வியப்பு இருக்கிறது. 155/65 ஆர்13 டயரின் வழக்கமான சுமைக் குறியீடு 73. அதாவது 365 கிலோ. ரிம் பெரிது, டயர் அகலம், ஆனால் தாங்கும் சுமை பழைய 12 அங்குல டயரைவிடப் பத்துக் கிலோ குறைவு! சுமையைத் தாங்குவது காற்று என்று பார்த்தோம். பக்கச்சுவர் குட்டையானதால் உள்ளே காற்றுக்கு இடம் குறைந்துவிட்டது. அதே ரிம்மில் 165/65 என்றால் 77, அதாவது 412 கிலோ. எனவே அளவோடு இந்த எண்ணையும் படித்துப் பாருங்கள். பழையதைவிடக் குறைந்ததை வாங்காதீர்கள். வேகக் குறியீட்டுக்கும் இதுவே விதி.

சட்டத்தையும் சொல்லியாகவேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் ஆய்வாளர் வரும்போது, மட்கார்டுக்கு வெளியே துருத்தி நிற்கும் சக்கரம் அவர் கண்ணில் முதலில் படும். அதே மாதிரிக் காரின் உயர்ந்த ரகத்துக்கு நிறுவனமே கொடுக்கும் அளவு ஒன்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதே தொல்லையில்லாதது. அப்படி இல்லையென்றால், முழு விட்டம் பழையதிலிருந்து இரண்டு சதவீதத்துக்குமேல் விலகாமலும், ஆஃப்செட் ஏறத்தாழ மாறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கில் ஆல்டோவுக்கு 165/65 ஆர்13 இந்த எல்லைக்குள் வருகிறது. 14 அங்குலத்தில் 165/60 போட்டாலே 3 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

மறக்கப்படுவது ஸ்டெப்னி. நான்கு சக்கரங்களையும் மாற்றியவர் ஐந்தாவதைப் பழைய 12 அங்குலமாகவே டிக்கியில் வைத்திருப்பார். நடுவழியில் முன்சக்கரம் பஞ்சரானால் ஒரு பக்கம் 583, மறுபக்கம் 537 மி.மீ. விட்டமுள்ள சக்கரங்கள். வளைவில் மட்டும் வேலை செய்யவேண்டிய டிஃபரன்ஷியல் பல்சக்கரங்கள் நேர்ச்சாலையிலும் ஓயாமல் சுழன்று தேயும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சக்கரங்களின் சுற்றுகளை ஒப்பிட்டு இயங்கும் ஏ.பி.எஸ். பிரேக் உள்ள கார்களில் அக்கருவியும் குழம்பக்கூடும். அத்தகைய நிலையில் பழைய ஸ்டெப்னியைப் பின்சக்கரத்துக்கு மாற்றி, பின்சக்கரத்தை முன்னே கொண்டுவந்து, அடுத்த பஞ்சர் கடைவரை மெதுவாக ஓட்டுவதே வழி. எஃகு ரிம்முக்குரிய நட்டு அலாய் வீலில் சரியாக உட்காராது என்பதால், இரண்டு வகை நட்டுகளும் வண்டியில் இருக்கட்டும். புதிய அலாய் வீல் போட்டு 100 கி.மீ. ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். முகம் படிந்து அவை சற்றுத் தளர்ந்திருக்கக்கூடும்.